முதுமையியல் படிக்க நினைப்பவர்கள் கேட்டவை

சமூகவியல் பட்டதாரி நான். உயிரியல் தெரியாமல் முதுமையியலில் முதுநிலை படிக்க முடியுமா?

தாராளமாக. பலர் முதியோர் மருத்துவத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது மருத்துவர்களுக்கான சிறப்புப் படிப்பு. முதுமையியல் என்பது மனிதர்கள் மூப்படைவதை எல்லாக் கோணத்திலும் ஆராயும் துறை. இதில் உயிரணுக்கள் பிரிவதும் வரும், ஓய்வூதியமும் வரும், தனிமையும் வரும். கொஞ்சம் உயிரியல் படிக்க வேண்டியிருக்கும், சமாளித்துவிடலாம்.

புள்ளியியல் என்றாலே பயம். தப்பிக்க வழி உண்டா?

இல்லை. ஏன் என்று சொல்கிறேன். 30 வயதினரையும் 70 வயதினரையும் ஒரே நாளில் நினைவாற்றல் சோதனைக்கு உட்கார வைக்கிறீர்கள். மூத்தவர்கள் குறைவாக எடுக்கிறார்கள். வயதுதான் காரணமா, அல்லது அவர்கள் தலைமுறைக்குப் பள்ளிப்படிப்பு குறைவா? 1956-இல் உளவியலாளர் வார்னர் ஷாய் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில் அதே ஆட்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார்கள். வயதுக் குழுக்களை ஒப்பிட்டபோது தெரிந்த அளவுக்குச் சரிவு சீக்கிரம் வரவில்லை. சரி, தொடர்ந்து பார்த்தால் போதுமா என்றால், அதிலும் சிக்கல்: உடல் தளர்ந்தவர்கள் இடையில் விலகிவிடுவார்கள், சிலர் இறந்துபோவார்கள். கடைசிவரை வருபவர்கள் திடமானவர்கள். முதுமை உண்மையைவிட அழகாகத் தெரியும்! இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் புள்ளியியல். எனக்கே இது பிடிபட ஒரு பருவம் முழுக்க ஆனது.

முனைவர் பட்டம் முதுமையியலிலேயே செய்வதா, உளவியலில் செய்வதா?

கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால் உளவியல், பொருளாதாரம் போன்ற பழைய துறையில் செய்துகொண்டு முதுமையை ஆய்வுப் பொருளாக எடுங்கள். முதுமையியல் துறை தனியாக உள்ள இடங்கள் குறைவு. இத்துறைக்குப் பெயர்போன, அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்கூட முதுமையியல் பள்ளி 1975-இல்தான் வந்தது. கொள்கை, சேவை நிர்வாகம் என்றால் முதுமையியல் பட்டமே நேர்வழி. எதுவானாலும் வேறு துறையிலிருந்து இரண்டாவது நெறியாளர் கிடைப்பாரா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள்.

பாட்டியைப் பார்த்துக்கொண்டதை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பாசத்தை மட்டும் எழுதாதீர்கள். அது எல்லோர் விண்ணப்பத்திலும் இருக்கும். நாற்காலியிலிருந்து எழ, பாட்டி இரு கைகளையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடிவிட்டு எழுந்தாரா? எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது இந்தத் துறையில் அன்றாடம் செய்யும் சோதனை. பாட்டி எப்போதிலிருந்து கையை ஊன்ற ஆரம்பித்தார் என்று நினைவிருந்தால், கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.