வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஹொக்கியில் மேலே வர முடியுமா?

கேட்டிருப்பவர் யாழ்ப்பாணத்தில் தரம் 6 படிக்கும் ஒரு பையனின் தந்தை. மகனுக்கு ஹொக்கியில் தீராத ஆசை, வீட்டிலோ பெரிய வசதி இல்லை. இந்த வயதிலேயே செலவழித்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவானா என்று கேட்கிறார். பதினாறு வருடங்களாக இங்கே ஒரு பாடசாலை அணிக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பணம் முக்கியம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. "திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவான்" என்று பரிசளிப்பு மேடைகளில் பேசுகிறவர்கள் மேலே வந்தவர்களை மட்டுமே பார்க்கிறார்கள். வராமல் போனவர்களை நான் பெயர் பெயராக அறிவேன்.

முதலில் கனடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. மருமகன் ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். நம் ஹொக்கி புல்தரையில், அது பனிக்கட்டித் திடலில் சறுக்கி ஆடுவது. ஆட்டம் வேறு, ஆனால் பணம் செய்யும் வேலை அங்கே தெளிவாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் அங்கே போயிருந்தேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் பயிற்சி. உடைமாற்றும் அறையில் தங்கையின் கணவர் ஒரு முழங்காலை ஊன்றி, மகனின் பாதத்தைத் தன் தொடையில் வைத்து, சறுக்குச் சப்பாத்தின் லேஸை ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்தவர். லேஸ் பதிந்து விரல்கள் சிவந்திருந்தன. சுற்றிவர பத்துப் பன்னிரண்டு தகப்பன்மார் அதே நிலையில். "வாரத்தில் நான்கு நாள் இப்படித்தான், மச்சான்" என்றார்.

அங்கே நல்ல மட்டை ஒன்று 300 டொலருக்கும் மேலே போகிறது. அது ஒரே ஆட்டத்தில் முறிந்தும் போகலாம். கால் வளர வளரச் சப்பாத்து மாற்ற வேண்டும். திடல் வாடகை, அணிக் கட்டணம், வெளியூர்ப் போட்டிகளுக்கு விடுதி, கோடையில் தனிப் பயிற்சி எல்லாம் வேறு. சிறுவர் அணிகளை ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று தரம் பிரித்திருக்கிறார்கள். உச்சத் தரமான மூன்று ஏ அணியில் ஒரு பருவம் ஆட வைக்கவே பல ஆயிரம் டொலர் வேண்டும். இரண்டாவது பிள்ளையும் ஆட வந்த பிறகு என் மருமகனை ஒரு தரம் கீழே இறக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. அவன் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்ராறியோவின் ஜூனியர் லீக் பிள்ளைகளைப் பதினாறு வயதாகும் ஆண்டிலேயே தெரிவு செய்கிறது. தெரிவாளர்கள் பெரும்பாலும் உச்சத் தரத்து ஆட்டங்களைத்தான் வந்து பார்க்கிறார்கள். 18 வயதில், வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகளின் தெரிவு வரும்போது, அந்தப் பட்டியலில் யார் இருக்கவே முடியாது என்பதைப் பல வீடுகளின் வரவுசெலவு ஐந்து வருடங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டிருக்கும்.

இதே மாதிரி இன்னொரு விடயமும் இருக்கிறது. 1980களில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிறந்தவர்கள் மிக அதிகம், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் மிகக் குறைவு. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. எட்டு வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. மூத்தவன் உயரமாக, பலமாக இருப்பான். அவனைக் கெட்டிக்காரன் என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பயிற்சி, நல்ல பயிற்றுநர், அதிக ஆட்டங்கள் எல்லாம் கொடுப்பார்கள். சில வருடங்களில் அவன் உண்மையாகவே கெட்டிக்காரனாகிவிடுவான். பணமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். வசதியான வீடு பிள்ளைக்குத் திடலில் கூடுதல் மணித்தியாலங்களை வாங்கிக் கொடுக்கிறது. பிறகு அந்த மணித்தியாலங்களைப் பார்த்துவிட்டு "பிறவித் திறமை" என்கிறோம்.

அப்படியானால் ஏழை வீட்டிலிருந்து வந்தவர்கள் இல்லையா? நமக்கு நெருக்கமான பெயர் இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை. புனேக்கு அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். முறிந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டி ஆடிப் பழகியவர், நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம் ஆடினார். முறிந்த மட்டையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானப் பராமரிப்பாளர் என்பதையும், உடன் ஆட அண்ணன்மார் இருந்தார்கள் என்பதையும், அவர்களில் ரமேஷ் இந்தியாவுக்கே ஆடியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் பணம் இல்லை. ஆனால் மைதானம் பக்கத்தில், அண்ணன்மார் கூடவே.

ஐஸ் ஹொக்கியிலும் அப்படித்தான். அதன் மிகப் பெரிய வீரராகப் பலரும் சொல்லும் வெயின் கிரெட்ஸ்கியின் தந்தை வால்டர் தொலைபேசி நிறுவன ஊழியர். கனடாவின் பிராண்ட்ஃபோர்ட்டில் வீட்டின் பின்வளவில் தண்ணீர் பாய்ச்சி, உறைய விட்டு, மகனுக்கு அங்கேயே திடல் அமைத்தார். பத்து வயதில், 1971-72 பருவத்தில், அந்தப் பிள்ளை 378 கோல்கள் போட்டான். என்.எச்.எல்.லில் ஆடிய பி.கே. சுபானின் தந்தை ஜமெய்க்காவிலிருந்து வந்து ரொறன்ரோவில் பாடசாலை அதிபரானவர். நகரசபை முன்றலில் இருந்த இலவசத் திடலுக்கு இரவு நேரத்தில் மகனைக் கூட்டிப்போனார். மகன்மார் மூவரையும் என்.எச்.எல். அணிகள் தெரிவு செய்தன. இவர்கள் யாருக்கும் மணித்தியாலம் விலைக்கு வரவில்லை. தகப்பன்மார் தங்கள் நித்திரையைக் கொடுத்துச் சேர்த்த மணித்தியாலம் அது.

இனி நம் ஊர். என் அணியில் தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். மட்டையின் கழுத்தில் வெடிப்பு. சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தான். பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து நான்கு மட்டை அனுப்பியபோது ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. பந்தைத் தள்ளுவதில், நிறுத்துவதில் அவனை யாரும் நெருங்க முடியாது. போட்டியில் மட்டும் தடுமாறுவான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டான், பந்து வந்த பிறகுதான் யோசிப்பான். இரண்டு பருவம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. மூன்றரைக்குப் பயிற்சி தொடங்கும். ஐந்து மணிவரை அடிப்படைப் பயிற்சி, அதன் பிறகு இரண்டு அணியாகப் பிரிந்து ஆட்டம். அவனுடைய பஸ் ஐந்து பத்துக்கு. அதை விட்டால் வீடு போய்ச் சேர வழியில்லை. ஆக, இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை ஆட்டமே ஆடியதில்லை! மோட்டார் சைக்கிளில் தகப்பன் வந்து ஏற்றிப்போகும் பிள்ளைகள் ஆறு மணிவரை ஆடினார்கள். நான் அவனைத் திட்டியிருக்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அதற்குப் பிறகு வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது ஆட்டம் முதலில், அடிப்படை பிறகு.

தரை இன்னொரு தடை. ஒலிம்பிக் ஹொக்கியை முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஆடியது 1976 மொன்ட்ரியலில்தான். அதன் பிறகு படிப்படியாகப் பெரிய போட்டிகள் அதற்கே போய்விட்டன. தண்ணீர் தெளித்த அந்தத் தரையில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு பறக்கும். எங்கள் பிள்ளைகள் புல்லிலும் செம்மண்ணிலும் பழகியவர்கள், துள்ளி வரும் பந்துக்குக் கை தயாராக இருக்கும். 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய் விடியக் கொழும்பில் இறங்கி, அந்தத் தரையில் கால் வைத்தால் முதல் பாதி முழுக்கப் பந்து மட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து "வடக்குப் பிள்ளைகளுக்கு வேகம் போதாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இங்கே ஒன்று கனடாவுக்கு நேர்மாறு. அங்கே பணம் பிள்ளையைத் திடலில் வைத்திருக்கிறது. இங்கே வசதியான வீட்டுப் பிள்ளைதான் தரம் 10இல் முதலில் போய்விடுகிறான், சாதாரண தரத்துக்கான தனியார் வகுப்புகளுக்கு. இல்லாத வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போய்விடுகிறான். இரண்டு பேரையும் இழந்துவிட்டு, மிஞ்சியவர்களோடு அணி கட்டுகிறோம். பெற்றோரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. என் மகளையும் நான் அந்த வகுப்புகளுக்கு அனுப்பியவன்தான்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். விலை உயர்ந்த மட்டை இப்போது வேண்டாம். நேராக நின்றால் இடுப்பெலும்பு வரை வரும் உயரத்தில் சாதாரண மரமட்டை போதும். கால்முன் காப்பும் பல் காப்பும் மட்டும் கடன்பட்டாவது வாங்குங்கள், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கோல்காப்பாளரின் உடைமைகள் பாடசாலை வாங்க வேண்டியவை, உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

சிறுவயதுப் பயிற்சியில் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு, அதற்குப் பணம் தேவையில்லை. நம் ஹொக்கி மட்டைக்கு இடப்பக்கம் மட்டுமே தட்டையாக இருக்கும். இடதுகைக்காரனுக்கென்று தனி மட்டை கிடையாது. பந்தை வலம் இடமாக உருட்டும்போது மட்டையைப் புரட்டுவது மேலே பிடித்திருக்கும் இடது கை. வலது கை தளர்வாக இருந்து அதைச் சுழல விட வேண்டும். புதிதாக வருகிற எல்லோரும் வலது கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். பதினாறு வயதில் வருகிறவனுக்கு அந்தப் பிடியைத் தளர்த்தவே ஒரு பருவம் போய்விடும். உங்கள் மகனுக்குப் பதினொரு வயது. வீட்டில் சீமெந்து முற்றம் இருந்தால் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கொடுத்து, இடது கையால் மட்டும் மட்டையைப் பிடித்துப் பந்தை இரு பக்கமும் உருட்டச் சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம், முடிந்தால் நீங்களும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்காருங்கள். மீதி நேரம் கிளித்தட்டோ உதைபந்தோ எதுவானாலும் ஆடட்டும். ஒருவனை ஏமாற்றி ஓடும் பழக்கம் கிளித்தட்டில் வருவதுபோல் எந்தப் பயிற்சியிலும் வருவதில்லை.

பாடசாலையில் சேர்க்கும்போது பயிற்றுநரிடம் ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கடைசி பஸ் அதற்கு முன்னால் என்றால் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை தானாகச் சொல்ல மாட்டான். என் பையன் இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.