1.80, 4/5, -125: எது அதிகம்?

கேள்வி: ஒரே அணிக்கு ஓரிடத்தில் 1.80, இன்னோரிடத்தில் 4/5, வேறிடத்தில் -125 என்று ஆட்ஸ் (பந்தய விகிதம்) போட்டிருக்கிறார்களே, எதில் லாபம் அதிகம்?

பதில்: மூன்றும் ஒன்றேதான், எழுதும் முறைதான் வேறு. 1.80 என்றால் 100 கட்டி ஜெயித்தால் 180 கைக்கு வரும். கட்டிய 100-ம் அதில் அடக்கம், லாபம் 80தான். பலர் சறுக்குவது இங்கேதான். 4/5 லாபத்தை மட்டும் சொல்கிறது: 5 கட்டினால் 4. -125 என்பது 100 லாபம் பார்க்கக் கட்ட வேண்டிய தொகை.

1-ஐ 1.80-ஆல் வகுத்துப் பாருங்கள்: 55.6 சதவீதம். ஆட்ஸுக்குள் ஒளிந்திருக்கும் வெற்றி வாய்ப்பு அது. சமபலமுள்ள இரு அணிகளுக்கும் 1.90 கொடுத்தால் தலா 52.6, கூட்டினால் 105-ஐத் தாண்டும். 100-க்கு மேலே நிற்பது புக்கியின், அதாவது பந்தயம் நடத்துபவரின், பங்கு. (அவர் சும்மாவா கடை விரிக்கிறார்?)

கால்பந்தில் '-1.5 ஹேண்டிகேப்' (அணியின் கோல் கணக்கில் 1.5 கழித்துப் பார்ப்பது) கண்ணில் பட்டால் கவனம்: அந்த அணி 2-1 என ஜெயித்தாலும் பந்தயம் தோல்விதான்; குறைந்தது 2 கோல் வித்தியாசம் வேண்டும்.