ஆற்றில் இறங்கிப் படிக்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். விடுமுறையில் ஆறு, ஓடை சார்ந்த ஆராய்ச்சியில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. தோழிகள் பணம் கட்டி, ஒரு வாரத்தில் சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றில் சேர்கிறார்கள். நானும் சேரட்டுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். ஒரு வாரம் மாதிரி எடுக்கவே சரியாக இருக்கும். எடுத்ததைப் பிரித்து, இனம் கண்டு, எண்ணி, இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இரண்டு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் பழகிய நல்ல ஆய்வுக்குழு எதுவும் மாணவரிடம் பணம் கேட்டதில்லை.

தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு நீங்கள் எங்கோ தேடவும் வேண்டாம். மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கிறது. முதலில் அங்கே நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இளம்பருவத்தைக் கழிக்கும் மேஃப்ளை பூச்சிகளைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால், மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய கே.ஜி.சிவராமகிருஷ்ணனின் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். இன்னொரு வழி, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம். இரண்டு மாதம், உதவித்தொகையும் உண்டு. ஆனால் விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே, பெரும்பாலும் நவம்பருக்குள், போட்டுவிட வேண்டும். ஏப்ரலில் விழித்துக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்து ஒவ்வொரு வருடமும் மனம் கஷ்டப்படுகிறது.

கடிதத்தில் ‘எனக்கு இயற்கை மீது ஆர்வம்’ என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். கேள்வி ஒன்றை எழுதுங்கள். உதாரணமாக: பாபநாசத்துக்குக் கிட்டே கல்லடியில் வாழும் பூச்சிகள், கழிவுநீர் கலந்த ஆறு திருநெல்வேலியைத் தாண்டிய பிறகும் இருக்கின்றனவா? அல்லது, ஒரு அணைக்கட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரே வகைப் பூச்சிகள்தானா? தாமிரபரணியில் இப்படி ஒப்பிட அணைக்கட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

பூச்சிகளை ஏன் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் அந்த வேளையின் நிலை மட்டும் தெரியும். கல்லில் ஒட்டியிருக்கும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இளம்பூச்சிகளோ பல வாரம், பல மாதம் அந்த நீரிலேயே வளர்ந்தவை. இடையில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை அங்கே மிஞ்சியிருக்காது. அப்போது கைரோனமஸ் என்ற, கொசு போன்ற பூச்சியின் ரத்தச் சிவப்புப் புழுக்கள்தான் கூட்டமாக இருக்கும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் சமாளிக்கின்றன.

1980-ல் அமெரிக்காவின் ராபின் வன்னோட்டும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த ‘ஆற்றுத் தொடர்ச்சி’ கருத்தைக் கட்டாயம் படியுங்கள். மரநிழல் மூடிய தலையோடையில் உதிர்ந்த இலையைக் கத்தரித்துத் தின்னும் பூச்சிகள், வெயில் விழும் நடுப்பகுதியில் கல்மேல் பாசியைச் சுரண்டுபவை, அகன்ற கீழ்ப்பகுதியில் நுண்துகளைச் சேகரிப்பவை என்று ஆற்றின் போக்கோடு உயிர்களும் மாறும் என்கிறது அது. குளிர்நாட்டு ஓடைகளை வைத்து உருவான கருத்து. இரண்டு பருவமழையும் அணைகளும் உள்ள நம் ஆற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

வேலை எப்படி இருக்கும்? ஆற்றில் ஒரு பங்கு, மேசையில் பல பங்கு. நீரோட்டத்துக்கு எதிரே வலையைப் பிடித்து, அதற்கு முன்னால் அடியில் கிடக்கும் கற்களைக் காலால் கிளறினால் பூச்சிகள் வலைக்குள் வரும். அது சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் வெள்ளைத் தட்டில் கொட்டி, மணலுக்கும் இலைக்கும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஆல்கஹாலில் போட்டு, நுண்ணோக்கியில் செவுள் எங்கே, வால் இழை எத்தனை என்று பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும். ஆனாலும் இந்தப் பொறுக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள்; கண் பழகுவது அங்கேதான்.

கேள்வி: மகள் ஆற்று ஆராய்ச்சி என்கிறாள். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?
- வாசகர், தென்காசி

பதில்: உங்கள் கவலை நியாயம்தான். அனுப்பும் முன் வழிகாட்டியிடம் பேசுங்கள். களத்துக்கு எத்தனை பேர் சேர்ந்து போவார்கள்? தங்குமிடம், கழிப்பறை, உடை மாற்ற இடம் உண்டா? அணையில் தண்ணீர் திறக்கும் தகவல் எப்படி வந்து சேரும்? மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். முழங்காலுக்கு மேல் ஆழம் என்றால் இறங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு; பிடிமானமுள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகத்துக்குள் வேலை என்றால் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியை நீங்களே கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் குழு என்றால் தைரியமாக அனுப்பலாம். என்னிடம் படித்த பெண்கள் பலர் இந்த வேலையில் நன்றாக இருக்கிறார்கள்.

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் மூன்றாமாண்டு. எனக்கு இதில் இடமுண்டா?
- வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக. ஓடையின் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் அளந்து நீரளவைக் கணக்கிடத் தெரிந்த ஆளைப் பூச்சி ஆய்வாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைகாலத் திட்டம் வெளிக்கல்லூரி மாணவர்களுக்கானது. நீர்வளம் சார்ந்த பேராசிரியர் யார் யார் என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.