அமெரிக்கன் சவுண்ட் கிட்டார் பெடல் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மட்டும் மந்தமாக ஒலித்தால்

பெடலை ஆம்ப்பின் முன்பக்க உள்ளீட்டில் செருகாமல், பின்னால் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' துளை (ஆம்ப்பின் ஒலி அமைக்கும் முன்பகுதியைத் தாண்டிப் போகும் உள்ளீடு) இருந்தால் அதில் செருகிப் பாருங்கள்.

ஹெட்போனில் அருமையாகக் கேட்கும் ஜோயோ அமெரிக்கன் சவுண்ட், ஆம்ப்பில் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். பெடலில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. அது பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப்பின் வால்வு ஒலியோடு ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையும் சேர்த்தே தருகிறது. உங்கள் ஆம்ப்பின் முன்பகுதியும் தன் ஒலியைச் சேர்த்து, ஸ்பீக்கரும் மேல் அதிர்வெண்களை வெட்டுவதால், ஒரே வேலை இரண்டு முறை நடக்கிறது. ரிட்டர்னில் செருகினால் முன்பகுதியின் பங்காவது விலகும்.

ரிட்டர்ன் இல்லையென்றால் ஆம்ப்பில் பாஸை (தாழ்ந்த ஒலி) நன்றாக இறக்கி மிடிலை (நடு ஒலி) முழுதாக ஏற்றுங்கள். பிறகு பெடலின் 'வாய்ஸ்' குமிழை மெல்லத் திருப்புங்கள். ஒலி திறக்கும் இடம் காதுக்கே தெரியும். அந்தக் குமிழைப் பலர் தொடுவதே இல்லை!

ஒரு எச்சரிக்கை: ரிட்டர்ன் வழியில் பல ஆம்ப்களின் வால்யூம் குமிழ் வேலை செய்யாது. பெடலின் லெவலைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள்.