களஞ்சியம் இருக்க மாவாலையை ஏன் எரித்தார்கள்?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில், தெற்குப் படைக்கு உணவு தந்த வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கின் மாவாலைகளை வடக்குப் படைத் தளபதி ஷெரிடன் எரித்தது ஏன்? தானியத்தை எரித்தால் போதாதா?

இரண்டையும் எரித்தார். 2,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள், 70க்கு மேற்பட்ட ஆலைகள் என்று 1864 அக்டோபர் 7 அறிக்கையில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஆலையின் இழப்பு வேறு வகை. கந்தளாய் நெல் மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் மில் நின்றுவிட்டால், உரலில் குற்றி ஒரு வீட்டுக்குச் சமைக்கலாம். ஒரு படைக்கு முடியாது. கோதுமையும் அப்படித்தான்.

அந்த ஆலைகள் பெரும்பாலும் ஓடைநீரில் ஓடியவை. தீயில் அரைகல் தப்பினாலும் நீர்ச்சக்கரம், மரப் பற்சக்கரங்கள், மாச் சலிக்கும் துணி எல்லாம் போய்விடும். வயல் அடுத்த போகத்தில் விளையும். பல் கணக்குப் பார்த்துச் சக்கரம் செதுக்கும் தச்சனைப் போர்க்காலத்தில் எங்கே பிடிப்பது? அடி முதலில் விழுந்ததென்னவோ உழவர் வீட்டு அடுப்பில்தான்.



பொதுமக்களின் பிழைப்பை அறுப்பதற்காக உணவு, பயிர், கால்நடை, நீர்ப்பாசன வேலைகளை அழிப்பதை போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு தடுக்கிறது. ஆலை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பட்டியல் ‘போன்றவை’ என்றே தரப்பட்டிருக்கிறது.