லென்ஸுக்கு முன்னால் எந்தக் கண்ணாடி? ஃபில்டர் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: அண்மையில் ஒரு மிரர்லெஸ் கேமராவையும், 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என்ற இரண்டு ஜூம் லென்ஸ்களையும் வாங்கினேன். மலை, நீர்நிலை, செடிகொடிகள் ஆகியவற்றைப் படமெடுப்பதில்தான் எனக்கு ஆர்வம். யுவி, போலரைசர், என்டி, பல வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் அடங்கிய ஒரு ஃபில்டர் பெட்டியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அவை செய்வதையெல்லாம் கணினியிலேயே செய்துகொள்ளலாம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். அப்பா தம்முடைய ஃபிலிம் கேமராவில் பயன்படுத்திய சில ஃபில்டர்களும் வீட்டில் இருக்கின்றன. இவற்றில் எனக்கு எது தேவை?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது பெருமளவுக்குச் சரி. ஆனால் அவர்கள் கணக்கில் சேர்க்காத சிறு பகுதிக்குள்தான் உங்களைப் போல இயற்கையைப் படமெடுப்பவருக்கு மிகவும் உதவக்கூடிய ஃபில்டர் இருக்கிறது. அதனால் எதைக் கணினியிடம் விட்டுவிடலாம், எதை விட முடியாது என்பதைக் காரணத்தோடு விளக்குகிறேன்.

கேமராவின் சென்சார் தன்மேல் விழும் ஒளியைப் பற்றி மிகக் குறைவான செய்திகளையே பதிவு செய்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை எவ்வளவு வந்து சேர்ந்தன என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒளி எந்தத் தளத்தில் அதிர்ந்துகொண்டு வந்தது, ஷட்டர் மூடிய பிறகு காட்சியில் எது நகர்ந்தது, சென்சாரின் கொள்ளளவை மீறிய ஒளி எவ்வளவு என்பவை எதுவும் கோப்பில் இருப்பதில்லை. பதிவான அளவுகளைக் கூட்டிக் குறைப்பதுதான் ஒரு ஃபில்டரின் வேலை என்றால், அதைப் பிறகு கணினியில் இன்னும் நுணுக்கமாகவே செய்யலாம். பதிவாகாத ஒன்றின்மீது வேலை செய்யும் ஃபில்டருக்கு மட்டுமே மாற்று கிடையாது. எந்த ஃபில்டரைக் காட்டினாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் ஐயமின்றித் தேறுவது போலரைசர். நீர், கண்ணாடி, இலை போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி, சில கோணங்களில், பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது என்பதை 1808இல் எட்டியென் லூயி மாலுஸ் கண்டறிந்தார். எந்தக் கோணத்தில் இந்த விளைவு உச்சம் பெறும் என்பதை 1815இல் டேவிட் புரூஸ்டர் வரையறுத்தார். லென்ஸின் முன்னால் பொருத்திய போலரைசரைச் சுழற்றும்போது அந்த ஒரு தளத்து ஒளியைத் தடுத்து, பரப்பின் பளபளப்பை நீக்கி, அதற்குக் கீழே இருப்பதைக் காட்ட முடிகிறது. குளத்து நீரில் வானத்தின் வெண்மை மறைத்திருந்த கூழாங்கற்களை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனெனில் அந்த வெண்மையின் அடியில் இருந்த விவரம் சென்சாரில் தெளிவாகப் பதிவாகவே இல்லை.

கோணம் இங்கே முக்கியம். நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 53 பாகையில், அதாவது நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுமையாக மறையும். காலடியில் இருக்கும் நீரை நேர்கீழாகப் பார்த்தாலும், வெகுதொலைவில் உள்ள நீரைப் படுகிடையாகப் பார்த்தாலும் விளைவு மிகக் குறைவு. கண்ணாடிச் சன்னலுக்கு நேர் எதிரே நின்று போலரைசரை எவ்வளவு சுழற்றினாலும் உங்கள் உருவம் அதில் தெரிந்துகொண்டேதான் இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் உள்ளிருப்பது தெளிவாகும். மெருகேற்றிய உலோகத்தின் பளபளப்பு இதற்குக் கட்டுப்படாது.

போலரைசர் என்றதும் பலருக்கு நீலவானம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் உண்மையான அருமை இலைகளில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இலையின் மெழுகுப் பூச்சு வானத்தின் வெளிர் ஒளியை எதிரொளித்துப் பச்சையின்மேல் சாம்பல் நிறத் திரை ஒன்றை விரித்துவிடுகிறது. மழை ஓய்ந்த பிறகு, மேகம் மூடியிருக்கும்போது, காட்டின் உட்பகுதியில் போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள். அந்தத் திரை விலகி, இலையின் சொந்த நிறமும் நரம்புகளும் வெளிப்படும். கணினியில் நிறச்செறிவை ஏற்றினால் நிறங்கள் எல்லாமே தூக்கலாகுமே தவிர, இலைமேல் படிந்த வெண்மை போகாது.

வானத்தைப் பொறுத்தவரை, சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதியில்தான் விளைவு அதிகம். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்கோணமாக விரித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் சுட்டும் பட்டைதான் அந்தப் பகுதி. உங்கள் லென்ஸின் 18 மி.மீ. முனை, அந்தக் கேமராவில் கிடைமட்டமாகச் சுமார் 66 பாகையைச் சட்டத்துக்குள் அடக்கிவிடும். அத்தனை அகலத்தில் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்றது வெளிறியும் திட்டாகத் தெரியும். அதைப் பின்னர் சரிசெய்வது கடினம். அகன்ற காட்சியில் வானம் நிறைய இருந்தால் போலரைசரைப் பாதியளவே சுழற்றுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதாக இருந்தால் கழற்றிவிடுவதே நல்லது. வானவில்லின் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வதுதான் என்பதால், ஃபில்டரின் ஒரு நிலையில் அதன் ஒரு பகுதி ஏறக்குறைய மறைந்துவிடும். சற்றே சுழற்றினால் முன்னைவிடப் பளிச்சென்று தோன்றும். வானவில்லைப் பார்த்த அவசரத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாகக் குறைவது) ஒளியைக் குறைக்கிறது. எனவே ஒளி மங்கிய நேரத்தில் அதை லென்ஸிலேயே விட்டுவைக்க வேண்டாம். கேமராவைக் கிடைநிலையிலிருந்து நெடுநிலைக்குத் திருப்பினால் மறுபடியும் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். எப்போதும் திருகு இறுகும் திசையிலேயே சுழற்றப் பழகுங்கள், மறுதிசையில் சுழற்றினால் ஃபில்டரே கழன்று கீழே விழ வாய்ப்புண்டு.

அப்பாவின் பெட்டியில் போலரைசர் இருந்தால் அது லீனியர் வகையாக இருக்கக்கூடும். பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் கேமராக்களில் ஆட்டோஃபோகஸுக்கும் ஒளியளவிக்கும் ஒளியைப் பிரித்தனுப்பும் அரைக்கண்ணாடி உண்டு. லீனியர் போலரைசர் அதன் கணிப்பைக் குழப்பும் என்பதற்காகவே பின்புறம் கூடுதல் படலம் சேர்த்த சர்குலர் போலரைசர் வந்தது. உங்கள் மிரர்லெஸ் கேமராவில் அந்த அரைக்கண்ணாடி இல்லாததால் பழையதையும் பயன்படுத்திப் பார்க்கலாம். எல்சிடி திரை ஒன்றை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே ஃபில்டரைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை ஏறக்குறைய முழுவதும் இருண்டுவிட்டால் ஃபில்டர் நல்ல நிலையில் இருக்கிறது. மங்கலாகவே இருண்டாலோ, கண்ணாடிகளுக்கு இடையே படலம் பிரிந்து குமிழிகள் தெரிந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். இதே சோதனையைச் சர்குலர் வகையில் செய்யும்போது, லென்ஸில் மாட்டும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்க வேண்டும்.

அடுத்தது என்டி (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர். இது நிறத்தைத் தொடாமல் ஒளியளவை மட்டும் குறைத்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்க இடம்தருகிறது. அருவியைப் பட்டிழையாகக் காட்டுவதும், அலைகளைப் பனிப்படலமாக்குவதும் இதன் வேலை. என்டி 8 என்றால் மூன்று ஸ்டாப், என்டி 64 என்றால் ஆறு ஸ்டாப், என்டி 1000 என்றால் ஏறத்தாழப் பத்து ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிப்பாகும். ஃபில்டர் இல்லாமல் 1/60 விநாடி தேவைப்படும் காட்சிக்கு ஆறு ஸ்டாப் ஃபில்டரில் சுமார் 1 விநாடியும், பத்து ஸ்டாப் ஃபில்டரில் சுமார் 16 விநாடிகளும் ஆகும். ஃபில்டருக்குப் பதிலாக, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கலாமே என்று தோன்றலாம். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதால் படத்தின் கூர்மையே குறைந்துவிடும்.

என்டி ஃபில்டருக்கு ஓரளவு மாற்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியைத் தொடர்ச்சியாகப் பலமுறை எடுத்து, மென்பொருளில் அவற்றின் சராசரியைக் கண்டால் நீரோட்டம் மென்மையாகிவிடும். இருண்ட பகுதிகளில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும். ஆகவே முதலில் இந்த முறையில் செய்து பாருங்கள். நீண்ட நேரப் படங்கள் உங்களுக்குப் பிடித்துப்போனால் ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒன்று வாங்கலாம். அருவிக்கும் ஓடைக்கும் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை போதும் என்பதால் பத்து ஸ்டாப்பைவிட அதுவே அடிக்கடி பயன்படும். அடர்த்தி மிகுந்த ஃபில்டரை மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மலிவான அடர் ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்புக் கதிர்களை விட்டுவிடுவதால் படத்தில் செந்நிறச் சாயல் ஏறும். சுழற்றி அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி, இரண்டு போலரைசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அமைப்பு. வீடியோ எடுப்பவருக்கு அது வசதியானது. ஆனால் அகன்ற கோணத்தில் முழு அடர்த்திக்குக் கொண்டுபோனால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோன்ற கருநிழல் விழும்.

என்டி ஃபில்டர் தொடர்பாக ஓர் எச்சரிக்கையைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். சூரியனையோ கிரகணத்தையோ படமெடுக்க என்டி 1000 போதாது. அதற்கென்று செய்யப்பட்ட சூரிய ஃபில்டர் பொதுவாக ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே அனுமதிக்கிறது. என்டி 1000 அதைப்போல நூறு மடங்கை உள்ளே விடுகிறது. ஒளியியல் வியூஃபைண்டர் கொண்ட கேமராவில் அப்படிப் பார்ப்பது கண்பார்வையை நிரந்தரமாகப் பாதிக்கும், 250 மி.மீ. லென்ஸ் குவிக்கும் வெப்பத்தால் உங்கள் கேமராவின் சென்சாரும் ஷட்டரும் சேதமாகலாம்.

யுவி ஃபில்டரைத்தான் எல்லோரும் முதலில் விற்கிறார்கள். எனக்கோ அதுதான் கடைசி. ஃபிலிம் புறஊதாக் கதிர்களை உணர்ந்து தொலைமலைகளை நீலப் புகைபோலக் காட்டியதால் அக்காலத்தில் அதற்கு வேலை இருந்தது. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் அடுக்கு பொருத்தப்பட்டிருப்பதால் இன்று அதனால் படத்தில் பெரிய மாற்றம் எதுவும் நேர்வதில்லை. எஞ்சுவது லென்ஸைப் பாதுகாக்கும் பயன் மட்டும்தான். கடற்கரையின் உப்புத்துளி, புழுதிக்காற்று, சிறு குழந்தைகளின் விரல் ஆகியவற்றுக்கு முன்னால் அந்தப் பாதுகாப்பு நல்லதுதான். மற்ற நேரங்களில் லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் குழல் போன்ற ஹூட் மோதலையும் தடுக்கும், பக்கவாட்டு ஒளியையும் தடுக்கும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியை எதிரொளிக்கும். இரவில் விளக்குகளை எடுக்கும்போது சென்சாருக்கும் இந்தத் தட்டைக் கண்ணாடிக்கும் இடையே ஒளி எதிரொளித்து, ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு போலிவிளக்கைத் தோற்றுவிக்கும். இரவுக் காட்சியில் அதைக் கழற்றிவிட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். 250 மி.மீ. முனையில் இன்னொரு சிக்கலும் உண்டு: தட்டையாக மெருகேறாத மலிவுக் கண்ணாடி படத்தை மங்கலாக்கும், நீங்கள் லென்ஸைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வண்ணக் கண்ணாடிகளை நீங்கள் வாங்க வேண்டாம். விளக்கொளியின் மஞ்சளைச் சரிசெய்த நீல ஃபில்டரின் வேலையைக் கேமராவின் நிறச்சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் வானத்தை இருளாக்க அப்பா பயன்படுத்தியிருக்கக்கூடிய சிவப்பு ஃபில்டரை உங்கள் கேமராவில் மாட்டினால், சென்சாரின் நான்கு புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் ஒளி சரியாகக் கிடைக்கும், மற்ற மூன்றும் ஏறக்குறைய வீணாகும். வண்ணமாகவே எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தைக் குறைத்தால் அதே இருண்ட வானம் கிடைக்கும். மேற்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டரின் இடத்தையும், சென்சார் பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பும், வெவ்வேறு ஒளியளவில் எடுத்த இரண்டு மூன்று படங்களின் இணைப்பும் பெரும்பாலும் நிரப்பிவிட்டன. மலைமுகடோ மரமோ தொடுவானத்தைத் தாண்டி நின்றால் அந்த ஃபில்டர் அதன் தலையையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும்.

ஃபில்டர் அல்ல என்றாலும் அதே திருகில் மாட்டப்பட்டு, மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் குளோஸ்-அப் லென்ஸ் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் செடிகொடிகளில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். +2 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) கொண்ட ஒன்றை உங்கள் நீண்ட லென்ஸில் மாட்டி, 250 மி.மீ.இல், முடிவிலிக்கு ஃபோகஸ் வைத்தால், 50 செ.மீ. தொலைவில் உள்ள பொருள் தன் அளவில் பாதியாகச் சென்சாரில் விழும், 3 செ.மீ. அகலமுள்ள பூ சட்டத்தின் உயரத்தை ஏறத்தாழ நிரப்பும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமேட் வகையையே வாங்குங்கள். ஒற்றைக் கண்ணாடியில் விளிம்புகளில் நிறச்சிதறல் வெளிப்படையாகத் தெரியும்.

ஆக, பெட்டியை விட்டுவிட்டு, அந்தப் பணத்தைப் பலபடிப் பூச்சு கொண்ட நல்ல போலரைசர் ஒன்றில் போடுங்கள். ஃபில்டரின் அளவு லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ குறுக்குக்கோடிட்ட வட்டக்குறியை அடுத்து 52, 58, 67 என்பதுபோல் இருக்கும். அதை 18-55 போன்ற குவியத்தூரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு லென்ஸ்களின் விட்டமும் வேறானால் பெரியதற்கு ஏற்ற ஃபில்டரை வாங்கி, சிறியதில் அதே ஃபில்டரைப் பொருத்த உதவும் ஒரு ஸ்டெப்-அப் வளையத்தைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்யும்போது சிறிய லென்ஸின் ஹூட் பொருந்தாமல் போகக்கூடும். பெரிய லென்ஸில் சிறிய ஃபில்டரை மாட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும், 18 மி.மீ.இல் இரண்டு ஃபில்டர்களை அடுக்கினாலும் அப்படி நேரலாம். ஃபில்டர் இறுகிக் கழற்ற வராவிட்டால் இரு பக்கமும் பிடித்து அழுத்தித் திருகாதீர்கள். அழுத்தத்தில் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையை விளிம்பைச் சுற்றி மாட்டி, எல்லாப் பக்கமும் சீராகப் பிடித்து மெல்லத் திருப்பினால் கழன்றுவிடும்.