கோல்கீப்பரின் அம்மா என்ன பாவம் செய்தார்?

கேள்வி: பத்து வயது மகனோடு கால்பந்து லீக் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் எடுக்க ஓடிவரும்போதெல்லாம் கேலரி மொத்தமும் 'ஓ...' என்று இழுத்து, பந்தில் கால் படும் நேரம் பார்த்து அவர் அம்மாவைப் பற்றிப் பச்சையாக ஒரு வார்த்தை, அதுவும் சுத்தத் தமிழில்! தட்டிக்கேட்டால், "இதுதான் சார் சப்போர்ட்டர் கல்ச்சர். ஐரோப்பாவுல இல்லாததா? சுனில் சேத்ரியே திட்டச் சொல்லியிருக்காரு" என்கிறார்கள். நான்தான் பழைய பஞ்சாங்கமா?
- வாசகர், ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: அன்றைய இந்தியக் கால்பந்து கேப்டன் சேத்ரி சொன்னார், வாஸ்தவம். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை, அதாவது தைவான் அணியை, 5-0 என்று நொறுக்கிய ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 2,569 பேர். அந்த வயிற்றெரிச்சலில், 'எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள்' என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். 'எங்களை' என்றாரே தவிர, 'எங்கள் அம்மாக்களை' என்று சொல்லவில்லை.

ஐரோப்பா கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் மைதானத்தில் ஆபாசமாகவோ இனவெறியோடோ கோஷம் போடுவது 1991லிருந்தே சட்டப்படி குற்றம். இந்தக் கோல் கிக் 'ஓ...' இருக்கிறதே, அதற்கு உலகப் புகழ் தேடித்தந்தவர்கள் மெக்ஸிகோ ரசிகர்கள். அபராதத்துக்கு மேல் அபராதம் கட்டியும் திருந்தவில்லை. கடைசியில் 2021இல், ஜமைக்காவுடனான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை அவ்வளவு பெரிய அஸ்டெகா மைதானத்தில் ரசிகர்களே இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று. நம் ஆட்கள் இரவல் வாங்கியது கோஷத்தை மட்டும்தான். கூடவே வந்த பில்லை வாங்கவில்லை.

கேலரியின் வசவை நாமும் வாங்கியிருக்கிறோம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் தேசிய கீதத்துக்கே ஊளையிட்டார்கள். ஏதோ அரசியல் கோபம். அந்தக் கூச்சலுக்கு நடுவே தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர் நம்ம பெங்களூரு அருமைநாயகம். அன்று கேலரியில் இந்தியாவுக்குக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. கேலி இல்லாத கேலரியில் எனக்கும் தூக்கம்தான் வரும். பிரேசில் வீரர் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் நம்ம பெங்களூரு கௌதமபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்தேன். கோல் விட்ட கீப்பரைப் பார்த்து லைனுக்கு வெளியே நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, பந்து உள்ள போயி, காபி குடிச்சு, டம்ளரையும் கழுவி வெச்சிடுச்சு. நீ இப்பதான் குதிக்கிற!" என்றார். கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

நீங்கள் பழைய பஞ்சாங்கம் இல்லை. அடுத்த முறை மகனோடு அந்தப் பெரியவர் மாதிரி ஆள் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.